மங்கில் விழுந்த உயிரணு

பால்மரமும் நம்மவரும் – தொடர் 17

1925இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவானதையும், கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் அதன் தலைமையகம் எழுந்ததையும், சுங்கை பூலோவில் ஆய்வுத் தோட்டம் போடப்பட்டதையும் முன்பே பார்த்தோம். 1938இல் இந்திய அரசு தடை போட்டதும் கங்காணிகள் ஆள் திரட்டி வருவது நின்றது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம் துப்பாக்கியால் அடக்கப்பட்டது. அதன் பிறகு ஜப்பானியர் காலம் வந்தது. சயாம் ரயில் பாதைக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. இத்தனையும் கடந்து சென்ற வாரம் 1945க்கு வந்து சேர்ந்தோம்.

இதுவரை தோட்டத்தையும் சம்பளத்தையும் அரசியலையும் பேசிய இத்தொடர், இந்த வாரம் மரத்தின் பட்டைக்குள் நுழைகிறது. நம் பாட்டன் பாட்டிமார் மங்கில், அதாவது மரத்தில் கட்டிய பால் கிண்ணத்தில், சேர்த்த வெள்ளைப் பால் என்பது என்ன? அதை மரத்தின் சாறு என்றே பலர் இன்றும் நினைக்கிறார்கள். உண்மையில் அது உயிரணுவின் உள்ளே இருக்கும் உயிர்ப்பொருள். அதில் நுண்ணுறுப்புகள் மிதக்கின்றன. அவற்றில் ஒன்று, ஒரு மரத்துக்கு எவ்வளவு நேரம் பால் ஓடும் என்பதைத் தீர்மானித்தது. ஒரு குடும்பத்தின் நாளும் வருமானமும் அந்த நுண்ணுறுப்பைச் சார்ந்திருந்தன.

விடியுமுன் ஏன்?

காப்பார், மேரு, கேரித் தீவு, சுங்கை பூலோ என எந்தப் பக்கத் தோட்டத்தை எடுத்துக்கொண்டாலும் நாள் ஒரே மாதிரிதான் தொடங்கியது. இருட்டோடு இருட்டாகப் பிரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு. தண்டல் பெயர் கூப்பிட்டு முடித்ததும் ஆணும் பெண்ணும் விளக்கோடு தங்கள் நிரைக்குப் போவார்கள். ஒருவருக்கு 300 முதல் 500 மரம். முந்தைய வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட வேண்டும். உளியால் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கவிழ்த்திருக்கும் மங்கை நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். எல்லா மரமும் வெட்டி முடித்து, பசியாறிவிட்டு, பிறகு வாளியோடு வந்து பாலெடுப்பார்கள். தாமதமாக வெட்டினால் பால் குறையும் என்பது தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

குறைவதன் காரணத்தை அளந்து காட்டியவர்கள் பட்டரி, போட்மன் என்ற இருவர். பால்குழாய்க்குள் சிறிய அழுத்தமானியைச் செருகிப் பார்த்து, தங்கள் முடிவை 1964இல் வெளியிட்டார்கள். விடியற்காலையில் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் 10 முதல் 15 வளிமண்டலம் வரை போகிறது. ஒரு காரின் டயருக்குள் இருப்பதைப்போல் பல மடங்கு. வெயில் ஏறியதும் இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்குகின்றன. நீர் மேலே இழுக்கப்பட, பட்டையின் உயிரணுக்கள் தளர்கின்றன; அழுத்தம் இறங்குகிறது. இரவெல்லாம் நீர் குடித்துப் புடைத்து நிற்கும் உயிரணுவை, அது தளர்வதற்குள் வெட்டிவிட வேண்டும் என்பதுதான் பிரட்டு மணியின் அடிப்படை.

வெட்டின் சாய்வுக்கும் காரணம் உண்டு. பட்டையின் உட்பகுதியில், மரத்தைப் பருக்கவைக்கும் வளர்படலத்துக்கு வெளியே, பால்குழாய்கள் வளையம் வளையமாக அமைந்திருக்கின்றன. பிறக்கும்போது அவை தனித்தனி உயிரணுக்கள். ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் அந்த உயிரணுக்களுக்கு இடையிலுள்ள சுவர்கள் கரைந்து அவை நீண்ட குழாயாகின்றன. ஒரே வளையத்தைச் சேர்ந்த குழாய்கள் பக்கவாட்டிலும் இணைந்து வலையாகின்றன. ஓரிடத்தில் வெட்டினால் அந்த வலையில் சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும் பால் ஓடி வருவது இதனால்தான். குழாய்கள் நேர்க்கோடாக மேலே போவதில்லை. சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால் கூடுதலான குழாய்கள் அறுபடும். வெட்டு வளர்படலத்தைத் தொட்டுவிட்டால் மரம் புண்படும், பட்டை சரியாக மறுபடி வளராது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைத்து இருட்டில் சீவிய கைகள் நம்மவர் கைகள். நுண்ணோக்கி பார்த்திராத அந்தக் கைகள், உயிரணு அடுக்குகளுக்கு இடையே இருக்கும் எல்லையை உளியின் அழுத்தத்தால் அறிந்திருந்தன.

நான்கு அடுக்குகள்

பாலுக்குள் ரப்பர் துகள்களைத் தவிர வேறு சிலவும் உள்ளன என்பது படிப்படியாகத்தான் தெரியவந்தது. 1929இல், மலாக்கா நீரிணைக்கு அக்கரையில் சுமத்ராவின் மேடானில் பணியாற்றிய சுவிட்சர்லாந்து தாவரவியலாளர் ஆல்பர்ட் ஃபிரே-விஸ்லிங், பாலில் மஞ்சள் நிற உருண்டைகளைக் கண்டு விவரித்தார். அவை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகின்றன. 1948இல் ஹோமன்ஸ், வான் டால்ஃப்சன், வான் கில்ஸ் என்ற டச்சு ஆய்வாளர்கள், புதுப்பாலில் எளிதில் உடையும் இன்னொரு வகைத் துகள் இருப்பதை அறிவித்தார்கள். அதற்கு லூட்டாய்ட் என்று பெயர் வந்தது.

அடுத்த பெரிய அடி ஜாலான் அம்பாங்கில் எடுத்து வைக்கப்பட்டது. 1953இல் ஏ. எஸ். குக், பி. சி. சேகர் ஆகிய இருவர் புதுப்பாலை அதிவேகச் சுழற்கருவியில் இட்டு, புவியீர்ப்பைப்போல் 59,000 மடங்கு விசையில் சுழற்றினார்கள். பால் அடுக்கடுக்காகப் பிரிந்தது. அந்த ஆய்வுக் கட்டுரையைக் கழகத்தின் இதழே வெளியிட்டது.

சேகரைப் பற்றிச் சில சொற்கள். மலையாள வம்சாவளியினர், 1929இல் சுங்கை பூலோ பக்கத்து உலு பூலோ தோட்டத்தில் பிறந்தவர். பால்மரத்து நிழலில் வளர்ந்த பிள்ளை அதே மரத்தின் பாலை ஆராயும் வேதியியலாளராக அந்தக் கழகத்துக்குள் நுழைந்தது, வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் சிறிய செய்தி அல்ல. 1966இல் கழகத்தின் முதல் ஆசிய இயக்குநரானார். 1973இல் ராமோன் மகசேசே விருது பெற்றார். 2006இல் சென்னையில் காலமானார்.

சுழற்றிய குழாயில் அவர்கள் கண்ட அடுக்குகளை மேலிருந்து கீழாகப் பார்ப்போம்.

உச்சியில் கெட்டியான வெண்மை. இதுதான் ரப்பர், புதுப்பாலின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதல். ஒவ்வொரு துகளும் ஒரு மைக்ரோமீட்டரின் சிறு பின்னத்திலிருந்து மூன்று மைக்ரோமீட்டர் வரை அளவுள்ளது. நடுவில் ரப்பர் மூலக்கூறுகள், சுற்றிலும் கொழுப்பும் புரதமும் சேர்ந்த மெல்லிய உறை. மற்ற நுண்ணுறுப்புகளின் சவ்வில் கொழுப்பு இரட்டை வரிசையாக இருக்கும். ரப்பர் துகளின் உறையில் ஒற்றை வரிசைதான். ரப்பரை நீளமாகக் கோத்துக்கொண்டே போகும் நொதி இந்த உறையில் அமர்ந்து வேலை செய்கிறது. உறைமேல் இருக்கும் எதிர் மின்னூட்டத்தால் துகள்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. அந்த விலக்கல் இருக்கும் வரை பால் திரவமாக இருக்கும்.

அதற்குக் கீழே மெல்லிய மஞ்சள் அடுக்கு. ஃபிரே-விஸ்லிங் கண்ட உருண்டைகள் இங்கே திரள்கின்றன. இலையில் ஒளியைப் பிடிக்கும் பசுங்கணிகத்தின் உறவினர் இவை; கணிக வகையைச் சேர்ந்தவை. பச்சையம் இல்லை, கரோட்டினாய்டு நிறமிகள் உண்டு. சில மரங்களின் பால் மஞ்சள் சாயலோடு வருவதற்கும் உலர்ந்த ரப்பர் நிறம் மாறுவதற்கும் இவற்றின் பங்கு இருக்கிறது.

மூன்றாவது தெளிந்த நீர். உயிரணுவின் சைட்டோபிளாசத் திரவம் இதுவே. சர்க்கரையும் நொதிகளும் கரைந்திருக்கும் இதில்தான் ரப்பருக்கான மூலப்பொருள் உருவாகிறது. அமிலமும் காரமும் இன்றி ஏறக்குறைய நடுநிலையில் இருக்கும்.

அடியில் சாம்பல் கலந்த மஞ்சள் வண்டல். பாலின் கன அளவில் 10 முதல் 20 விழுக்காடு. இதில் பெரும்பாலானவை லூட்டாய்டுகள். இவை 2 முதல் 5 மைக்ரோமீட்டர் அளவுள்ள, ஒற்றைச் சவ்வால் மூடிய பைகள். பைக்குள் இருக்கும் திரவம் வெளித் திரவத்தைக் காட்டிலும் அமிலத்தன்மை கொண்டது. மெக்னீசியம், கால்சியம் முதலிய உப்புகளும் பொருள்களைச் சிதைக்கும் நொதிகளும் அதற்குள் அடைபட்டுக் கிடக்கின்றன.

1959இல் அதே கழகத்தில் மொய்ர் என்பவர் சாயமிட்டுச் சுழற்றிப் பார்த்து, நான்கு அடுக்கைப் பதினொன்றாகப் பிரித்துக் காட்டினார். பின்னர் ஜே. பி. கோமெஸ், ஜி. எஃப். ஜே. மொய்ர் இருவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பால்குழாய்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1979இல் நூலாகத் தந்தார்கள்.

குழாயிலேயே தங்கிவிட்டவை

மங்குக்கு வராதவற்றையும் சொல்ல வேண்டும். உயிரணுவின் கட்டளைகளை வைத்திருக்கும் உட்கருவும், ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் வெட்டின்போது பாலோடு ஓடிவருவதில்லை. அவை பெரும்பாலும் குழாய்ச் சுவரை ஒட்டியுள்ள மெல்லிய படலத்தில் தங்கிவிடுகின்றன. வெளியேறியது சரக்கு, உற்பத்திச்சாலை உள்ளேயே இருக்கிறது. சுவரை ஒட்டி நின்ற உட்கருவின் கட்டளைப்படி புரதமும் சவ்வும் ரப்பரும் மறுபடி உருவாகி, இழந்த பால் இரண்டு மூன்று நாள்களில் நிரம்புகிறது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவது என்ற தோட்ட வழக்கத்தின் நியாயம் இங்கே இருக்கிறது. மரத்துக்கு அந்த ஓய்வைத் தராமல் தினமும் உறிஞ்சினால் குழாய்கள் தங்களை மீட்டுக்கொள்ள முடியாது. பால் நீர்த்துப்போகும், நாளடைவில் வெட்டுப்பட்டை வறண்டு, மரம் பால் கொடுப்பதையே நிறுத்திவிடும். அப்படி வறண்ட மரங்களின் பாலை ஆராய்ந்தபோது, குழாய்க்குள்ளேயே லூட்டாய்டுகள் அளவுக்கு மீறி உடைந்திருப்பதைக் கண்டார்கள்.

பால் ஏன் நிற்கிறது?

இனி இந்த அத்தியாயத்தின் மையக் கேள்விக்கு வருவோம். வெட்டியதும் வேகமாக ஓடும் பால், இரண்டு மூன்று மணி நேரத்தில் சொட்டாகி நின்றுவிடுகிறது. குழாயில் பால் தீர்ந்துவிட்டதா? இல்லை. நின்ற வெட்டை மெல்லிசாக மறுபடி சீவினால் உடனே ஓடுகிறது. ஆகவே அடைப்பு வெட்டு வாயில்தான் இருக்கிறது. 1966இல் போட்மன் இதைச் சோதனையில் நிறுவினார். அதே ஆண்டு பாக்கியநாதன், போட்மன், டேசம் மூவரும், பால் நீர்த்துப்போகும்போது துகள்கள் திரள்வதையும், குழாய் வாய் மூடுவதற்கு அது காரணமாகலாம் என்பதையும் காட்டினார்கள். 1968இல் சதர்ன், வெட்டுப்பட்டையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அறுபட்ட குழாய்களின் நுனியில் திரண்ட ரப்பர் அடைத்திருந்தது. அதனோடு உடைந்த லூட்டாய்டுகளும் சிக்கியிருந்தன. சதர்னும் எட்வினும் அவ்வாண்டே லூட்டாய்டுகளைத் தனியே பிரித்தெடுத்துச் சோதித்து, அவற்றுக்குள் இருக்கும் பொருளே பாலைத் திரளவைக்கிறது என்று காட்டினார்கள்.

நடப்பது இதுதான். வெட்டியதும் குழாயின் அழுத்தம் சட்டென்று விழுகிறது. சுற்றியுள்ள உயிரணுக்களிலிருந்து நீர் உள்ளே பாய்ந்து பாலை நீர்க்கவைக்கிறது. அடர்த்தி குறைந்த திரவத்தில் லூட்டாய்ட் பைகள் நீரை உறிஞ்சி ஊதுகின்றன. குழாய் நுனியின் நெருக்கத்தில் ஓடும்போது இழுபட்டுக் கிழிகின்றன. உள்ளே இருந்த அமிலமும் உப்பும் புரதமும் வெளியே கொட்டுகின்றன. ரப்பர் துகள்களை விலக்கி வைத்திருந்த மின்னூட்டம் அந்த இடத்தில் செயலிழக்க, துகள்கள் ஒட்டிக்கொண்டு குழாயை அடைக்கின்றன. லூட்டாய்டுக்குள் மிகுதியாக இருக்கும் ஹெவீன் என்ற சிறு புரதம், ரப்பர் துகள்களை இணைக்கும் பாலமாக வேலை செய்கிறது என்பது 1994இல் தெரியவந்தது. 43 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட இந்தப் புரதம் பூஞ்சையின் சுவரிலுள்ள கைட்டினையும் பற்றிக்கொள்ளும். அடைப்பு, மரத்தின் காயத்தை மூடுவதோடு கிருமிக்கும் கதவடைக்கிறது.

மரத்துக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. விலங்கின் உடம்பில் காயம் பட்டால், இரத்தத் தட்டணுக்கள் தங்களுக்குள் இருக்கும் சிறு பைகளைக் காலிசெய்து இரத்தத்தை உறையவைக்கின்றன. நகர்ந்து தப்ப முடியாத மரம், அதே தேவைக்குத் தன் உயிரணுவுக்குள் வேறொரு வழியைக் கண்டிருக்கிறது.

விலங்கு உயிரணுவோடு இன்னும் நெருங்கிய ஒற்றுமை ஒன்று உண்டு. 1955இல் பெல்ஜியத்தில் கிறிஸ்டியன் டி டுவே, எலியின் ஈரலைச் சுழற்கருவியில் பிரித்து, சிதைக்கும் நொதிகளை அடைத்து வைத்திருக்கும் பைகளை அடையாளம் கண்டு லைசோசோம் என்று பெயரிட்டார். பை முழுதாக இருக்கும் வரை நொதி வேலை செய்யாது. பை உடைந்தால்தான் செய்யும். 1974இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1968இல் ஐவரி கோஸ்ட்டில் ரப்பர் பாலை ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர் பூஜார்நிஸ்கல், லூட்டாய்டுக்குள்ளும் அதே வகை நொதிகள் அதே போல் அடைபட்டிருப்பதைக் காட்டினார். லூட்டாய்ட் தாவர உயிரணுவின் நுண்குமிழில் ஒரு வகை; அந்த நுண்குமிழும் விலங்கின் லைசோசோமும் ஒரே வேலையைப் பகிர்ந்துகொள்பவை என்ற கருத்துக்கு ரப்பர் பால் வலுவான சான்றானது. மற்றத் தாவரங்களில் நுண்குமிழைப் பிரித்தெடுக்க உயிரணுச் சுவரை உடைக்க வேண்டும். உடைக்கும்போது குமிழும் சிதையும். பால்மரத்திலோ, உளி ஒரு கோடு போட்டால் நுண்ணுறுப்புகள் தாமே ஓடி வந்து மங்கில் விழுகின்றன. உயிரணு அறிவியலுக்கு இப்படிப்பட்ட வாய்ப்பு வெகு சில தாவரங்களில்தான் கிடைக்கும்.

ஆய்விலிருந்து நிரைக்கு

அடைப்பைப் புரிந்துகொண்டதும் அதைத் தாமதப்படுத்தும் வழியைத் தேடினார்கள். 1968இல் ஆபிரகாம், விச்சர்லி, பாக்கியநாதன் மூவரும், எத்திலீன் வாயுவை வெளியிடும் ஒரு சேர்மத்தைப் பட்டையில் பூசினால் பால் நெடுநேரம் ஓடுகிறது என்று அறிவித்தார்கள். எத்தஃபான் என்ற அந்த மருந்து விரைவில் தோட்டங்களுக்கு வந்தது. 1969இல் மில்ஃபோர்ட், பார்தெகூப்பர், ஹோ மூவரும் அடைப்பின் வேகத்தை எண்ணால் குறிக்கும் அளவுகோலைத் தந்தார்கள். எந்த ரக மரம் சீக்கிரம் அடைக்கும், எதற்கு மருந்து நன்றாகப் பலன் தரும் என்று கணக்கிட முடிந்தது.

மருந்து பூசிய மரத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை வெட்டத் தேவையில்லை. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை போதும். தோட்ட நிர்வாகத்துக்கு அது இலாபம். வெட்டும் நாளைக் கொண்டே சம்பளம் பெற்றவர்களுக்கு அதன் பலன் அதே அளவில் வந்து சேர்ந்ததா என்பதைத் தோட்டத் துண்டாடலையும் செம்பனை வருகையையும் பேசும்போது விரிவாகப் பார்க்கப்போகிறோம். ஓர் உண்மையை மட்டும் இங்கே அழுத்திச் சொல்கிறேன். லூட்டாய்டைப் பற்றி உலகம் அறிந்தவற்றில் ஒரு பெரும் பகுதி, கிள்ளான் பள்ளத்தாக்கின் மரங்களிலிருந்து எடுத்த பாலால் அறியப்பட்டது. அந்தப் பாலை ஆய்வுக்கூடத்துக்குத் தந்தது உளி பிடித்த கை. ஆய்வுக் கட்டுரைகளில் அறிஞர் பெயர் இருக்கிறது. வெட்டியவர் பெயர் இல்லை. எவ்வளவு ஆழத்தில், எந்தச் சாய்வில், எத்தனை மணிக்கு வெட்டினால் சோதனை செல்லும் என்பது அந்தக் கையின் திறமையைப் பொறுத்தே இருந்தது. அதை அறிவியல் உழைப்பு என்று சொல்வதே நியாயம்.

ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1998இல் மலேசிய ரப்பர் வாரியத்தோடு இணைந்தது. சுங்கை பூலோ ஆய்வு நிலத்தின் பெரும்பகுதி இன்று குவாசா டாமன்சாரா என்ற புதுநகர். 2016 டிசம்பர் முதல் அங்கே எம்.ஆர்.டி. ரயில் ஓடுகிறது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வளரும் நம் பிள்ளைகள் படிவம் 4 உயிரியலில் தாவர உயிரணுவையும் விலங்கு உயிரணுவையும் வரைந்து, நுண்குமிழுக்கும் லைசோசோமுக்கும் கோடு இழுத்துப் பெயர் எழுதுகிறார்கள். நுண்ணோக்கியில் வெங்காயத் தோலையும் கன்னத்தின் உட்பக்கத்து உயிரணுவையும் பார்க்கிறார்கள். அந்தப் பாடத்தின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டைத் தங்கள் பாட்டி நாள்தோறும் வாளியில் சுமந்தார் என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆசிரியர்களிடம் இதை வேண்டுகோளாகவே வைக்கிறேன்: பாடத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். குடும்பத்தின் உழைப்பும் புத்தகத்தின் அறிவும் ஒரே பொருளைப் பற்றியவை என்று அறியும் பிள்ளைக்கு உயிரியல் அந்நியமாக இராது.

அடுத்த வாரம்: பால் ஸ்டோரில் அமிலம் ஊற்றி உறையவைத்த ரப்பர், தாள் தாளாகப் புகையூட்டப்பட்ட காலம் போய், 1965இல் தர முத்திரை பெற்ற கட்டி ரப்பராக மாறிய வரலாறு. செயற்கை ரப்பரின் போட்டியில் இயற்கை ரப்பர் பிழைத்த அந்தக் கதையிலும் சேகர் மறுபடி வருகிறார்.